பூட்டிக் கிடக்கும் வீட்டில் பள்ளிக்கூடம்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் அப்பத்தா காலத்து வீடு பூட்டியே கிடக்கிறது. மழலையர் பள்ளி நடத்த, பங்காளிகள் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். கையில் பணம் குறைவு. வளவை (நடு முற்றத்தை)ச் சுற்றியுள்ள அறைகளை இடித்துப் பெரிதாக்கி, பொரிந்த சுவருக்கு சிமென்ட் பூசி பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டாம், இரண்டையுமே செய்யாதீர்கள். அந்தச் சின்ன அறைகளின் சுவர்தான் மேலே உள்ள பாரத்தைச் சுமக்கிறது, அதை இடித்தால் உத்தரம் போட்டுத் தாங்கவே உங்கள் பணம் முழுவதும் போய்விடும். வகுப்புக்குத்தான் பட்டாலை என்ற கூடம் இருக்கிறதே, வளவைச் சுற்றிய பத்தியும் (தாழ்வாரமும்) இருக்கிறது, வெளிச்சமும் காற்றும் அங்கேதான். அறைகள் புத்தகம் வைக்க, அலுவலகத்துக்கு, உடம்பு சரியில்லாத பிள்ளை படுக்க என்று இருக்கட்டும்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, கொஞ்ச நாளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும், கீழே உட்கார்ந்திருப்பது குழந்தைகள். பொரிந்த இடத்தை மட்டும் சுரண்டி சுண்ணாம்புச் சாந்தே பூசி, மேலே வெள்ளை அடியுங்கள், அது மெல்ல இறுகும் என்பதால் விடுமுறையின் கடைசி வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர் இருந்தால் ஈரத் துணியால் துடைத்தாலே போதும், தயவுசெய்து பெயின்ட் அடித்து மூடிவிடாதீர்கள். ஆத்தங்குடிக் கல் தரையையும் பெயர்க்காதீர்கள்.

அப்படியானால் பணம் எதற்கு? முதலில் கூரை ஓடு, ஒழுக்கு நிற்காமல் மற்ற எதைச் செய்தாலும் வீண். அடுத்து வயரிங், பழைய கட்டை வயரிங்கை மொத்தமாகக் கழற்றிவிட்டு, ஷாக் அடித்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வையுங்கள். அப்புறம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, வாசலில் ஒரு சாய்தளம், கிணற்றுக்கு இரும்பு மூடி.

மாடியில் வகுப்பு வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம், சமையலறையில் பிடித்த தீ மாடிக் கீற்றுக் கூரைக்குப் பரவியபோது இறங்க ஒரே ஒரு குறுகிய படிக்கட்டுதான் இருந்தது. காரைக்குடிப் பக்கத்து வீடுகள் பல இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும், உங்களுடையதும் அப்படியென்றால் பின்வாசலைப் பள்ளி நேரத்தில் பூட்டாதீர்கள், கீற்றுப் பந்தலும் போடாதீர்கள்.

கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்று நான்கு சான்றுகள் கேட்பார்கள், நில அளவு விதியும் உண்டு. வேலை தொடங்குமுன் கல்வி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, ஒரு பொறியாளரையும் கூட்டிப்போய் வீட்டைக் காட்டுங்கள்.