சேற்றுக்கு வயது கேட்டவர்களுக்கு

போன ஞாயிறு தண்டையார்பேட்டையில் எங்கள் வாசகர் வட்டத்தில், கடலடிச் சேற்றின் வயதை அதிலுள்ள நுண்ணிய ஓடுகளைக் கொண்டு எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பேசினேன். ஆய்வகத்தில் சேறு அலசியே தலை நரைத்தவள் நான். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. கேள்விகளுக்கு நேரமில்லாமல் போய்விட்டது. சீட்டில் எழுதிக் கொடுத்தவற்றுக்கு இங்கே பதில்.

காசிமேடு, மீன் வியாபாரம் செய்யும் அக்கா: செத்த பூச்சியின் ஓட்டில் வயது எப்படித் தெரியும்?

பூச்சி இல்லை அக்கா, ஒற்றைச் செல் உயிரி. பெயர் ஃபோராமினிஃபெரா, ஃபோராம் என்று சுருக்கிக்கொள்வோம். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொண்டு வாழும். செத்ததும் ஓடு அடியில் படியும். அந்த ஓட்டுக்குள் கொஞ்சம் புரதம் சிக்கியிருக்கும். கடிகாரம் அதில்தான் இருக்கிறது.

புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. உயிர் தன் புரதத்தை இடக்கை வடிவத்தைக் கொண்டே கட்டுகிறது. உயிர் போனபின் அவை சிறிது சிறிதாக வலக்கையாகத் திரும்புகின்றன. வலக்கை அளவை இடக்கை அளவால் வகுத்தால், புது ஓட்டில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். மிகப் பழையதில் ஒன்றை நெருங்கும். கடலடிப் படிவுகளுக்கு வயது சொல்ல இது உதவும் என்று ஜெஃப்ரி படாவும் உடன் ஆய்ந்தவர்களும் 1970-லேயே எழுதினார்கள்.

நீங்கள் செவுளைப் பார்த்தே மீன் எப்போது பிடிபட்டது என்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் ஐஸில் இருந்ததா, வெயிலில் கிடந்ததா என்று கேட்காமல் சொல்வீர்களா? எங்கள் பாடும் அதேதான். நாலைந்து டிகிரி சூடு கூடினால் இந்த மாற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். ஆழ்கடலடி இரண்டு மூன்று டிகிரிக் குளிரில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெரிதாக மாறாமல் கிடக்கிறது. மூடி திறக்காத ஐஸ் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அங்கே கடிகாரத்தை நம்ப முடிகிறது. இன்னொன்று, மத்தி கெடும் வேகத்தில் வஞ்சிரம் கெடாது அல்லவா? ஃபோராமிலும் இனத்துக்கு இனம் வேகம் வேறு. ஒரே இனத்தைப் பொறுக்கித்தான் ஒப்பிட வேண்டும்.

எண்ணூர், பத்தாம் வகுப்பு மாணவன்: எங்கள் கடற்கரை மணலில் கிடைக்கும் ஓட்டுக்கு இப்படி வயது பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. நடுப்பகலில் அந்த மணலில் செருப்பில்லாமல் நடந்திருப்பாய். காரணம் உன் காலுக்கே தெரியும். அங்கே கடிகாரம் தலைதெறிக்க ஓடும். அலை வேறு பழையதையும் புதியதையும் கலந்துவிடும்.

ஆனால் முகத்துவாரச் சேற்றை மெல்லிய நைலான் துணியில் அலசி, உருப்பெருக்கியில் பார். சுருள் சுருளாக அம்மோனியா என்ற ஃபோராம் தென்படலாம். உப்பும் நன்னீரும் கலக்கும் இடம் அதற்குப் பிடிக்கும். ஓர் எச்சரிக்கை: சேற்றில் நிலக்கரிச் சாம்பலும் கலந்திருக்கலாம், அதில் கண்ணாடி போன்ற நுண்ணுருண்டைகள் உண்டு. நானே ஒருமுறை அவற்றை ஃபோராம் என்று எண்ணி ஒரு மாலைப்பொழுது முழுவதும் பொறுக்கி அடுக்கினேன். ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார். சுண்ணாம்பு ஓட்டில் குமிழி வரும், சாம்பலில் வராது.

திருவொற்றியூர், கல்லூரி மாணவி: ரேடியோகார்பன் இருக்கும்போது இது எதற்கு, மேடம்?

ரேடியோகார்பன் என்பது உயிரிகளில் இருந்து, அவை செத்தபின் சிதைந்துகொண்டே போகும் கதிரியக்கக் கார்பன். மிச்சத்தை அளந்து வயது சொல்வார்கள். அது ஏறத்தாழ 50,000 ஆண்டுகளோடு கைவிரித்துவிடும். 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், அதற்கப்பால் அளக்க மிச்சம் இருக்காது. கடலில் இன்னொரு வம்பும் உண்டு: கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால், அப்போதுதான் செத்த ஓடுகூடச் சில நூறு ஆண்டு பழையதாகக் காட்டும். அதைத் திருத்தித்தான் பயன்படுத்துகிறோம்.

அமினோ அமிலம் பல லட்சம் ஆண்டுகள் வரை பேசும். ஆனால் தன்னந்தனியாக அதை நான் நம்புவதில்லை. இளைய அடுக்குகளில் ரேடியோகார்பனோடும், மூத்தவற்றில் ஆக்சிஜனோடும் ஒட்டிப் பார்த்துத்தான் அதன் வேகத்தை நிர்ணயிக்கிறார்கள்.

ஆக்சிஜன் கதை இது: நீரில் உள்ள ஆக்சிஜனில் எடை குறைந்த 16, எடை கூடிய 18 என்று வகைகள் உண்டு. ஆக்சிஜன் 16 உள்ள நீர் எளிதில் ஆவியாகும். பனியுகத்தில் அது துருவப் பனியில் சிறைப்பட, கடலில் ஆக்சிஜன் 18-இன் பங்கு கூடும். ஃபோராம் ஓட்டிலும் கூடும். 1955-இல் செசாரே எமிலியானி என்ற ஆய்வாளர் இந்த ஏற்ற இறக்கங்களுக்கு எண் கொடுத்தார்: வெப்பக் காலங்கள் ஒற்றைப்படை, குளிர்ந்த காலங்கள் இரட்டைப்படை. அவர் அதைப் பெரும்பாலும் கடல்வெப்பம் என்று படித்தார். பெரும்பகுதி பனியின் அளவுதான் என்று 1967-இல் நிக்கலஸ் ஷாக்கிள்டன் வாதிட்டார். பனியின் அளவு என்றால் எல்லாக் கடலுக்கும் பொது. அதனால்தான் வங்கக் கடல் சேற்றை அட்லாண்டிக் சேற்றோடு வரிசைப்படுத்த முடிகிறது. 2005-இல் லிசீக்கியும் ரேமோவும் 57 இடங்களின் ஆக்சிஜன் பதிவுகளை அடுக்கி, 53 லட்சம் ஆண்டுக்கு ஒரே வளைவு தந்தார்கள். புதிதாகச் சேற்றுத்தூண் எடுப்பவர் முதலில் அதோடுதான் பொருத்திப் பார்ப்பார்.

கோடிக்கணக்கான ஆண்டு என்றால், ஓட்டிலுள்ள ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகளை (ஐசோடோப்புகளை) அளப்போம். அதைத் தனியாக ஒருநாள் பேசலாம்.

அதே மாணவி: தவறு எங்கே நடக்கும்?

விரலில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையுறை போடாமல் ஒரு தட்டைத் தொட்டுவிட்டேன். அடியிலிருந்த அடுக்கு மேலடுக்கைவிட இளையதாகிவிட்டது! நம் வியர்வையில் இருப்பது புத்தம்புது இடக்கை அமிலம். அதிலும் செரீன் என்ற அமினோ அமிலம் நிறைய. பழைய ஓட்டில் செரீன் சீக்கிரம் சிதைந்துவிடும். எனவே செரீன் கூடுதலாகத் தெரிந்தால், ஏதோ ஒரு கை பட்டிருக்கிறது என்று பொருள். கடலடிப் புழுக்களும் மேலே உள்ள சில அங்குலச் சேற்றைக் கிளறிப் போடும். அதற்குக் கையுறை இல்லை.

காசிமேடு, விசைப்படகு ஓட்டுநர்: வலையில் ஏறும் சேறு உங்களுக்கு உதவுமா?

அண்ணே, இழுவையில் எல்லாம் கலங்கிவிடும். அடுக்கு குலையாமல் இருக்கவே நீளக் குழாயைச் செங்குத்தாக இறக்கி எடுக்கிறார்கள். ஆனால் 65 பாகம் (சுமார் 119 மீட்டர்) ஆழத்தில் மடிவலை போடும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கரை அந்த ஆழத்துக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். அங்கே சிப்பி ஏறினால் கழுவாமல் ஒரு டப்பாவில் போட்டு, எத்தனை பாகம், எந்தத் திசை என்று எழுதி வையுங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.