பரிசு கொடுத்தால் எந்த விலங்குக்கும் எதையும் கற்றுக்கொடுத்துவிட முடியுமா?

தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் எந்த விலங்கையும் எதையும் செய்யவைக்கலாம் என்கிறார்களே, என் நாய் மட்டும் ஏன் மண்ணைத் தோண்டுவதை விடமாட்டேன் என்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் செய்யவைத்துவிட முடியாது என்பதுதான் என் பதில். பழக்கத்துக்குப் பெரிய வலிமை உண்டு. ஆனால் எது எளிதில் படியும், எது படியவே படியாது என்பது பெருமளவு அந்த விலங்கின் பிறவியோடு வருகிறது.

இதை அனுபவத்தில் கண்டவர்கள் கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதி. பரிசு கொடுத்து நடத்தையைப் பழக்குவதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரிடம் பயின்று, விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள். ரக்கூன் என்ற வட அமெரிக்க விலங்கு ஒன்றுக்கு நாணயத்தை எடுத்து உண்டியலில் போடக் கற்றுக்கொடுத்தார்கள்; போட்டால் உணவு. எடுப்பதை எளிதில் கற்றுக்கொண்டது. விடுவதற்குத்தான் மனம் வரவில்லை. உண்டியலின் உட்புறத்தில் நாணயத்தைத் தேய்க்கும், வெளியே எடுக்கும், சில நொடிகள் இறுகப் பிடித்துக்கொள்ளும், கடைசியில்தான் போடும். இரண்டு நாணயங்களைக் கொடுத்தபோது நிலைமை இன்னும் மோசமானது. இரண்டையும் ஒன்றோடொன்று உரசியபடியே நிமிடக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. நாளாக நாளாக அது கூடியதே தவிரக் குறையவில்லை. போட்டால் உணவு வரும் என்று நன்றாகத் தெரிந்த, பசித்த விலங்கு ஏன் இப்படித் தாமதிக்கிறது? நண்டு போன்ற இரையைக் கையில் வைத்து உருட்டித் தேய்ப்பது ரக்கூனின் பிறவிக்குணம். நாணயம் உணவோடு சேர்ந்துபோனதும் அதையும் இரையைப் போலவே நடத்தத் தொடங்கிவிட்டது. கொடுத்த பரிசே உள்ளுணர்வைத் தட்டி எழுப்பிவிட்டது! இதைப் பற்றி 1961-இல் அவர்கள் எழுதிய கட்டுரையை, ஆக்கநிலையுறுத்தம், அதாவது பலனைக் கொண்டு நடத்தையைப் பழக்கும் முறை, பற்றிப் பேசுகிற எல்லோரும் படிக்க வேண்டும் என்பேன்.

எதை எதோடு இணைத்துக் கற்பது என்பதிலும் இதே கதைதான். 1966-இல் ஜான் கார்சியா, கோலிங் என்ற ஆய்வாளர்கள் எலிகளுக்கு இனிப்பு நீர் கொடுத்தார்கள். குடிக்கும்போதே வெளிச்சமும் ஒலியும் வரும்படி செய்தார்கள். பிறகு சில எலிகளுக்குக் குமட்டலை உண்டாக்கினார்கள், வேறு சிலவற்றுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். குமட்டலுக்கு ஆளான எலிகள் இனிப்பை வெறுத்தன. வெளிச்சத்தையும் ஒலியையும் பொருட்படுத்தவில்லை. மின் அதிர்ச்சி பெற்ற எலிகளோ வெளிச்சத்தையும் ஒலியையும் கண்டு அஞ்சின. இனிப்பைத் தொடர்ந்து குடித்தன. வயிற்றுக் கோளாறுக்குச் சுவைதான் காரணமாக இருக்கும் என்று எலியின் மூளை பிறவியிலேயே சாய்ந்திருக்கிறது. குமட்டல் சில மணி நேரம் கழித்து வந்தாலும் இந்தப் பாடம் பதிகிறது. மற்றப் பெரும்பாலான பாடங்களுக்கு அத்தனை இடைவெளி ஆகாது. பலன் அடுத்த சில நொடிகளில் கிடைத்தாக வேண்டும்.

உங்கள் நாய்க்கு வருகிறேன். வளைக்குள் புகுந்து வேட்டையாடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட டாக்ஸ்ஹண்ட், டெரியர் போன்ற இனமாக இருந்தால், தோண்டுவதே அதற்குப் பரிசு. நீங்கள் நீட்டும் பிஸ்கட் அதோடு போட்டியிட்டு ஜெயிப்பது கடினம். என் டாக்ஸ்ஹண்டுக்கு ஒரு மூலையில் மணல் கொட்டி, அதன் பொம்மைகளை அங்கே புதைத்து வைக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். அங்கே தோண்டினால் அந்த நொடியிலேயே பாராட்டுங்கள். வேறு இடத்தில் கால் வைத்தால் கூப்பிட்டு மணலுக்கு அழைத்து வாருங்கள். காலையில் தோண்டிய குழியை மாலையில் காட்டித் திட்டாதீர்கள். அந்தத் திட்டு எதற்கு என்று நாய்க்குப் புரியாது. உங்களைக் கண்டால் ஒதுங்கத்தான் கற்றுக்கொள்ளும்.