இரண்டு ‘பொது’, இரண்டு படிப்பு

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. புதிதாகப் பார்க்கப்போகும் டாக்டரின் தகுதியில் பொது மருத்துவம், பொது சுகாதாரம் என்று இரண்டு போட்டிருக்கிறது. எல்லாமே ‘பொது’ என்றால் அவர் ஸ்பெஷலிஸ்ட் இல்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லைங்க. குழப்பம் அந்தச் சொல்லில் இருக்கிறது. பொது மருத்துவமே ஒரு ஸ்பெஷலிஸ்ட் படிப்புதான். டாக்டர் பட்டம் வாங்கியபிறகு, பல நாடுகளில் இன்னும் 3 வருடமாவது ராப்பகலாக வார்டிலேயே கிடந்து படிப்பது. பெரியவர்களுக்குக் கத்தி வைக்காமல் செய்யும் வைத்தியம் அத்தனையும் இதில் வரும். சர்க்கரை கிட்னியைத் தொட்டுவிட்டதா, பிரஷருக்குத் தரும் மாத்திரையே சர்க்கரையை ஏற்றுகிறதா (சில மாத்திரைகள் ஏற்றும்) என்று ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டுப் பார்ப்பது இவர்கள் வேலை. உங்கள் அப்பாவுக்கு வேண்டியது இந்த ஆள்தான்.

பொது சுகாதாரம் வேறு. அங்கே நோயாளி என்பது ஊர் முழுக்க. யாருக்கு வந்தது, எங்கே வந்தது, பக்கத்துத் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று கணக்கெடுத்துக் காரணத்தைத் தேடுவது. டாம் ஃப்ரீடன் என்று ஒருவர், இரண்டையும் படித்தவர். பொது மருத்துவமும் தொற்றுநோய்ப் பயிற்சியும் முடித்து, 1992-இல் நியூயார்க் நகரத்தின் காசநோய்த் தடுப்புப் பொறுப்புக்கு வந்தார். மருந்து எழுதித்தருவதோடு விடாமல், நோயாளி அதை விழுங்குவதை ஒரு ஊழியர் நேரில் பார்க்கும் முறையைப் பெரிய அளவில் நடத்தினார். பாதியில் நிறுத்தினால் மருந்துக்குப் பணியாத கிருமி உருவாகும் என்பது வார்டில் தெரிந்த விஷயம். நகரத்தில் எத்தனை பேர் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பது கணக்கெடுத்தால்தான் தெரியும். 2009-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கே இயக்குநரானார்.

ஆனால் ஒன்று, பொது சுகாதார முதுகலைப் பட்டத்தை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். நர்ஸ், புள்ளியியல் படித்தவர் எல்லாரும் அதைப் படிக்கலாம், அது வைத்தியம் பார்க்கும் உரிமை தராது. இரண்டும் படித்தவர்களிலும் சிலர் வருடக்கணக்காக ஃபைலும் மீட்டிங்குமாகவே இருந்துவிட்டு வருவார்கள். அதனால் பட்டத்தை விட்டுவிட்டு, “இப்போது வாரத்தில் எத்தனை நாள் நோயாளிகளைப் பார்க்கிறீர்கள்?” என்று கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம், போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளோடு அப்பா சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.