கொடைக்கானலில் கத்தரிக்காயை எப்படியெல்லாம் சமைக்கலாம்?

குழம்பில் போட்ட கத்தரிக்காய் வேகாமல் நறுக்கென்று நிற்கிறது, வேறு எப்படிச் சமைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். புளியும் சேர்ந்தால் காய் இன்னும் மெதுவாகத்தான் வேகும். அதனால் பிஞ்சுக் காயைக் காம்போடு நான்காகக் கீறி, முதலில் நல்லெண்ணெயில் வதக்குங்கள். தோல் சுருங்கி, காம்போரம் கரண்டியால் அழுத்தினால் அமுங்க வேண்டும். அப்புறம்தான் புளிக்கரைசல். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு இப்படித்தான் சரியாக வரும். மலைப்பூண்டு பத்துப் பல் முழுசாகப் போடுங்கள், அந்த மணமே தனி.

பெரிய காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்போடு பிசைந்தால் போதும். மழை நாளில் சூடான சோற்றுக்கு எனக்கு இதுதான் வேண்டும். இட்லிக்குக் கொத்சு என்றால் குக்கர். அதில் உயரம் ஒரு பிரச்சினையே இல்லை.