முதலில் கிணற்றுத் தண்ணீரை அளவுங்கள், வாகனம் பிறகு

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கண்ணாடி யன்னல் துடைக்கும் தொழில் தொடங்கப் போகிறேன். உதவிக்கு ஒரு பெடியன் நிற்பான். லண்டனில் இதே தொழில் செய்யும் மச்சான், ஹையேஸ் வான் ஒன்றை எடுத்து 650 லீற்றர் தாங்கி பூட்டச் சொல்கிறார். இங்கே உள்ளவர்கள் பட்டா என்ற சின்ன லொறி போதும் என்கிறார்கள். எதை வாங்குவது? வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் சரிவருமா?"

உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் தாங்கியின் அளவைச் சொல்லலாம். தாங்கியின் அளவு தெரிந்தால் வாகனம் தானாகவே முடிவாகிவிடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, லீசிங்கில் வானை எடுத்துவிட்டுத் தண்ணீருக்கு அலைகிறார்கள்.

உங்கள் பக்கம், வலிகாமத்துக் கிணறுகளில் ஊறுவது சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வரும் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை படிகிறதே, அதே படைதான் கண்ணாடியில் ஒவ்வொரு துளி காயும்போதும் புள்ளியாக நிற்கும். சவர்க்காரம் போட்டு, ரப்பர் வைப்பரால் வழித்து, துணியால் ஒற்றி எடுத்தால் கிணற்றுத் தண்ணீரே போதும். ஆனால் நீண்ட கம்பும் தூரிகையும் வைத்து இரண்டாம் மாடி யன்னலைக் கீழே நின்று கழுவி, துடைக்காமல் காயவிட்டு வரும் முறைக்கு அது ஆகாது. கரைந்த உப்பு 10 பிபிஎம்முக்குள் (லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குள்) இருக்க வேண்டும், பூச்சியம் என்றால் இன்னும் நல்லது. குழாய்த் தண்ணீர் எடுத்தாலும் இதே கதைதான். தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது குடிக்க நல்ல தண்ணீர், ஆனாலும் அதில் உப்பு ஓரளவு இருக்கவே செய்யும்.

ஆகவே நீங்கள் முதலில் வாங்க வேண்டியது கரைந்த உப்பை அளக்கும், பேனா அளவிலான ரி.டி.எஸ். மீற்றர் ஒன்று. உங்கள் கிணற்றில் 800 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லீற்றரில் 800 மில்லிகிராம் உப்பு என்று அர்த்தம். ஒரு நாள் வேலைக்கு 300 லீற்றர் என்றால் 240 கிராம், கிட்டத்தட்ட கால் கிலோ. இதை ரெசின் (தண்ணீரில் உள்ள உப்பைப் பிடித்துவைக்கும் சிறு மணிகள்) மட்டும் வைத்து எடுக்கப் பார்த்தால் கைக்காசு கரைந்துவிடும். ஒரு லீற்றர் ரெசின் ஏறக்குறைய 20, 25 கிராம் உப்பைத்தான் பிடிக்கும், அதாவது பத்து லீற்றர் ரெசின் ஒரே நாளில் முடிந்துவிடும். முன்னால் ஓர் ஆர்.ஓ. (தண்ணீரை அழுத்தத்தோடு சவ்வுக்குள்ளால் தள்ளி உப்பைப் பிரிக்கும் கருவி) பூட்டி 800ஐ 40க்குக் கொண்டு வந்தால், அதே பத்து லீற்றர் இரண்டு கிழமைக்கு மேல் நிற்கும். எங்கள் ஊரில் ஆர்.ஓ. இல்லாமல் இந்தத் தொழில் கட்டுப்படியாகாது என்பதே என் முடிவு.

வீட்டில் குடிக்கப் பூட்டும், நாளுக்கு 75 கலன் தரும் ஆர்.ஓ. போதாது. 24 மணி நேரமும் ஓடினாலும் 280 லீற்றர்தான் தரும். 400 கலன் உள்ளதை அழுத்தம் கூட்டும் பம்பியோடு எடுங்கள். சொன்ன அளவில் பாதிதான் தந்தாலும் இரவு ஓடவிட்டால் காலையில் 300 லீற்றர் இருக்கும். ஆர்.ஓ.வுக்குள் இருக்கும் மெம்பிரேன் என்ற சவ்வு தரும் தண்ணீரின் அளவு 25 பாகை வெப்பத்துக்குக் கணக்கிட்டது. குளிர் நாடுகளில் அது குறைந்துபோகிறது, எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அந்தக் கவலை இல்லை. ஆனால் சுண்ணாம்பு மெம்பிரேனை அடைத்துவிடும். அதனால் முன்னால், சுண்ணாம்பைப் பிடித்துவைக்கும் மென்னீராக்கி ஒன்று வையுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்டால், கரி வடிகட்டி இல்லாமல் அந்தத் தண்ணீரை மெம்பிரேனுக்கு விடவே கூடாது.

ஆர்.ஓ. கழிக்கும் தண்ணீர், நல்ல தண்ணீரின் அளவுக்கு இருக்கும், சிலவேளை அதைவிடக் கூடவும் இருக்கும். உப்பு கூடிய அந்தத் தண்ணீரை வெங்காயப் பாத்திக்கு விடாதீர்கள். கழிவறைக்கும் வாகனம் கழுவவும் சேர்த்து வையுங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும் நிலம் எங்களுடையது. தண்ணீரை வைத்துப் பிழைக்கப் போகிறவர்கள் அதை மற்றவர்களைவிடக் கவனமாகப் பாவிக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையை விடாதீர்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,000 லீற்றர். கூரையைக் கழுவி வரும் முதல் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடியுங்கள். மழைத்தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. ஆர்.ஓ. தேவையில்லை, வடித்து ரெசினுக்குள்ளால் விட்டாலே போதும்.

சரி, தாங்கிக்கு வருவோம். மச்சான் சொன்னது அங்கே சரி. ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு வரிசையாகச் செய்துகொண்டு போகிறவருக்கு இடையில் திரும்பி வந்து நிரப்ப நேரமிருக்காது. உங்களுக்குக் கோண்டாவிலில் இருந்து யாழ் நகரம் கிட்டத்தான், மதியச் சாப்பாட்டுக்கு வரும்போதே நிரப்பலாம். ஒரு தூரிகை நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் எடுத்தால், 300 லீற்றர் இடைவிடாமல் ஓடினாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். இடையிடையே மூடித் திறக்கும்போது ஒரு நாளைத் தாண்டும். செம்மண் புழுதியும் சிலந்தி வலையும் அப்பிய வீடு என்றால், முதல் கழுவலை அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரிலேயே செய்யுங்கள். காயமுன்னரே தூய நீரால் அலசிவிட வேண்டும், அவ்வளவுதான். தீவுப்பக்கம் உவர்த்தண்ணீர் என்றால் இந்த வழி வேண்டாம்.

ஒரு லீற்றர் ஒரு கிலோ. 300 லீற்றர் என்றால் தாங்கி, சட்டம், பற்றரி, பம்பி, ஹோஸ் எல்லாம் சேர 400 கிலோவை நெருங்கும். சுசுகி எவ்ரி வானின் சுமை எல்லை 350 கிலோ. அதில் 200 லீற்றருக்கு மேல் வைக்காதீர்கள். தனியாக வேலை செய்பவருக்கு அது அருமையான வான். ஹையேஸ் பாரம் தாங்கும், ஆனால் எங்கள் ஒழுங்கைகளில் திருப்ப முடியாது, விலையும் இப்போது தொடக்கக்காரருக்கு ஏற்றதல்ல. இரண்டு பேர், 300 லீற்றர் என்ற உங்கள் கணக்குக்குப் பட்டாதான் பொருத்தம். முக்கால் தொன் இழுக்கும். கட்டாயம் மேலே மூடி அடியுங்கள். வெயில் பட்டால் தாங்கிக்குள் பாசி பிடிக்கும், ஹோஸ் வெடிக்கும், ரெசினும் கெடும். தாங்கியைக் கறுப்பு நிறத்தில் எடுங்கள். வாங்கும்போது சேசியின் துருவைக் குனிந்து பாருங்கள். கடற்கரைப் பக்கம் ஓடிய வாகனம் என்றால் இரண்டு தரம் பாருங்கள்.

தாங்கியைப் பூட்டும் வேலையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் 300 கிலோ தண்ணீர் உங்கள் முதுகை நோக்கித்தான் வரும். இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, அடியில் தகடு கொடுத்து சேசியோடு போல்ற் போடுங்கள். பட்டி போட்டு இறுக்கினால் மட்டும் போதாது. தடுப்புத் தகடுகள் உள்ள தாங்கியாக எடுங்கள், பாதி நிரம்பிய தாங்கி வளைவில் வாகனத்தையே ஆட்டும். பின்சில்லுக்கு முன்னால், இயன்றவரை தாழ்வாக இருக்கட்டும். நாலு போல்றைக் கழற்றினால் சட்டத்தோடு வெளியே எடுக்கக்கூடியதாகச் செய்வித்தால், வேலை குறைந்த மாதங்களில் அதே பட்டாவை ஹயருக்கு விடலாம்.

பம்பிக்கு 12 வோல்ற் போதும். வாகனத்தின் பற்றரியில் கொழுவாமல் தனிப் பற்றரி வையுங்கள். ஹோஸ் 100 மீற்றர் வேண்டும். எங்கள் வளவுகள் நீளமானவை, வாகனம் படலைக்கு வெளியேதான் நிற்கும்.

தம்பி, கம்பு வாங்கும்போது ஒன்றை மறவாதீர்கள். பாரம் குறைந்தது என்று எல்லாரும் சொல்லும் காபன் பைபர் மின்சாரத்தைக் கடத்தும். எங்கள் தெருக்களில் மின்கம்பி மதிலோரமாகவே போகிறது, வீட்டுக்கு வரும் வயர் பல இடங்களில் மேல்மாடி யன்னலுக்குக் கைகெட்டும் தூரத்தில் தொங்குகிறது. கம்பைத் தூக்குமுன் வீட்டைச் சுற்றி நடந்து மேலே பாருங்கள், அந்தப் பெடியனுக்கும் இதைப் பழக்குங்கள். வயர் போகும் பக்கத்து யன்னலை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே நின்று கையால் துடையுங்கள். கை எட்டாவிட்டால் அந்த யன்னலை விட்டுவிடுங்கள், அதற்கான காசையும் கழித்துவிடுங்கள்.