அப்பாவுக்கு மீன் தெரியும்

அன்புள்ள அண்ணனுக்கு,

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். ஒரு வாரம் பறவை, காடு பற்றிய புத்தகங்களைச் சொல்கிறீர்கள். அடுத்த வாரம் மூளையில் அடிபட்டுப் பேச்சு போனவர்களைப் பற்றிய புத்தகங்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. எதைக் கேட்டாலும் ‘இன்னா, இன்னா’ என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. கோபம் வந்தால் மட்டும் கெட்ட வார்த்தை சுத்தமாக வருகிறது. பிள்ளைகளின் படப் புத்தகத்தைக் காட்டி ‘இது என்ன, சொல்லுங்க’ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆனால் போன வாரம் நான் வாங்கிவந்த சங்கராவை இடது கையால் ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து, பழசானதை மட்டும் ஒதுக்கி வைத்தார். அப்படியென்றால் அவருக்குள் எல்லாம் இருக்கிறதா? நான் எதைப் படிக்கலாம்? இயற்கைப் புத்தகமெல்லாம் முதுமலைக்குப் போகிறவர்களுக்குத்தானே?

அன்புள்ள தங்கைக்கு,

சங்கராவைப் பற்றி எழுதினீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அப்பாவுக்கு மீன் தெரிகிறது, அதன் பெயர்தான் வாய்க்கு வரவில்லை. எல்லாம் அப்படியே இருக்கிறதா என்பதை, அவரை நேரில் சோதித்துப் பார்க்கும் மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும்தான் சொல்ல முடியும். பேச்சுப் பயிற்சிக்கு இன்னும் போகவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். புத்தகம் அப்புறம்.

கெட்ட வார்த்தைக்காக அவர்மேல் வருத்தப்படாதீர்கள். பாரிஸில் பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்பார். அங்கே அவருக்கு டான் என்றே பெயராகிவிட்டது. கோபம் மிஞ்சினால் மட்டும் கடவுள் பெயரைச் சேர்த்து ஒரு வசவு முழுசாக வருமாம். 1861இல் அவர் இறந்தபிறகு பிரோக்கா என்ற மருத்துவர் மூளையைப் பார்த்தார். இடப்பக்கத்தின் முன்பகுதி சிதைந்திருந்தது. வசவு, எண்ணிக்கை, பாட்டு, மனப்பாடமான சாமி ஸ்லோகம் எல்லாம் நாம் யோசித்துக் கோக்கிற பேச்சு வரும் வழியில் வருவதில்லை. அதனால்தான் பலருக்கு அவை போகாமல் நிற்கின்றன. அப்பா வேண்டுமென்று திட்டவில்லை. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த சிலரைப் பற்றி 1984இல் வாரிங்டன், ஷாலிஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதில் ஒருவரிடம் ப்ரீஃப்கேஸ் என்றால் என்ன என்று கேட்டால், மாணவர்கள் காகிதம் எடுத்துப்போகும் சின்னப் பெட்டி என்று சரியாகச் சொல்லிவிடுகிறார். கிளி என்றால் என்ன? தெரியாது என்கிறார். உயிருள்ளவை பற்றிய அறிவுதான் அவரிடமிருந்து அதிகமாகக் கழன்றுபோயிருந்தது. செவுளைத் தூக்கிப் பார்க்கும் உங்கள் அப்பா அந்த இடத்தில் இல்லை.

சரி, சம்பந்தம் என்ன என்று கேட்டீர்கள். இரண்டு வகையிலும் எனக்குப் பிடித்த புத்தகங்களை எழுதியவர்கள் ஒரே உயிரை நெடுநாள் பார்த்தவர்கள். லூரியா என்ற ரஷ்ய மருத்துவர், 1943இல் ஸ்மோலென்ஸ்க் போர்முனையில் தலையில் குண்டு பாய்ந்த ஜாஸெட்ஸ்கி என்ற இளைஞனை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து ஒரு புத்தகம் எழுதினார். அந்த இளைஞன் ஒவ்வொரு எழுத்தாக யோசித்து எழுதப் பார்த்தபோது கை நின்றுபோயிற்று. யோசிக்காமல், கையை எடுக்காமல் ஒரே ஓட்டமாக எழுது என்று சொன்னபோது வார்த்தை வந்துவிட்டது. தான் எழுதியதையே படிக்கத் திணறியவன், அப்படியே சுமார் 3,000 பக்கம் எழுதினான். எது போயிற்று என்று மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கை கண்ணில் பட்டிருக்காது.

மா. கிருஷ்ணனும் அப்படிப்பட்டவர்தான். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். யானையைப் பார்த்த அதே அக்கறையோடு காக்கையையும் அணிலையும் பார்த்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ உங்களுக்குப் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

ஆகவே முதுமலை பற்றி நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. அலையாத்தி மரமும் கூழைக்கடாவும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்தே இருக்கிற இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படர்ந்தபோது கூழைக்கடாக்களின் இறகு கறுத்துக் கிடந்தது. அந்தத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் நம் ஆட்கள். கடலும் கழிமுகமும் தெரிந்த இப்படிப்பட்டவர்கள் சொல்லி எழுதிய புத்தகம் தமிழில் போதவே போதாது. அதில் எனக்கு ஆற்றாமை உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

படப் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுங்கள். வயசான மீன்பிடிக்காரரிடம் ஆப்பிள் படத்தைக் காட்டிப் பரீட்சை வைத்தால் அவர் முகத்தைத் திருப்பத்தான் செய்வார். மீன் கூடையை முன்னால் வையுங்கள், வலையைக் கொடுங்கள். ‘குழம்புக்கா, வறுக்கவா’ என்று தலையசைத்தோ கைகாட்டியோ பதில் சொல்கிற மாதிரி கேளுங்கள். கேட்டபின் காத்திருங்கள். அவர் தேடிக்கொண்டிருக்கும் வார்த்தையை அவசரப்பட்டு நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஆலிவர் சாக்ஸ் என்ற நரம்பியல் மருத்துவரின் 1985ஆம் ஆண்டுப் புத்தகத்தில், டிவியில் அமெரிக்க அதிபர் பேசுவதைப் பார்த்துப் பேச்சிழந்த நோயாளிகள் சிரிப்பதாக ஒரு அத்தியாயம் வருகிறது. வார்த்தை புரியாதவர்களுக்கும் குரலிலும் முகத்திலும் இருக்கும் பொய் பிடிபட்டுவிடுகிறது என்கிறார். அப்பா முன்னால் ‘எல்லாம் சரியாப் போச்சு’ என்று நடிக்க வேண்டாம்.

லூரியாவில் தொடங்குங்கள். ஆங்கிலப் பிரதி என்னிடம் இருக்கிறது, தண்டையார்பேட்டைப் பக்கம் வரும்போது கொண்டுவருகிறேன். கிருஷ்ணனை அப்பாவுக்கு வாசித்துக் காட்டலாம். டிவியை அணைத்துவிட்டு, மெதுவாக. ஒரு தடவைக்கு ஒரு பத்தி போதும்.