இப்ராஹிமின் கடை – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சென்ற வாரம் 'மிஸ்யூ இப்ராஹிம்' பார்த்தேன். 2003இல் வந்த பிரெஞ்சுப் படம். 1960களின் பாரிஸ், மோமோ என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு யூதப் பையன், தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் துருக்கிக் கிழவர். உருகித்தான் பார்த்தேன். ஆனால் முடிந்த பிறகு ஓர் உறுத்தல். மத நல்லிணக்கப் படம் என்று கொண்டாடுகிறார்கள். கடைசியில் நடப்பது என்ன? கிழவரின் கடையும் அவருடைய குர்ஆனும் பையன் கைக்கு வந்துவிடுகின்றன. கிழவர் தன் இடத்திலிருந்து ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இது நட்பா, நாசூக்கான மதமாற்றமா? இன்னொன்று, என் மகனுக்குப் பதினான்கு வயது. அவனோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கும் இந்தப் படத்தில் உறுத்தல் உண்டு, ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் இல்லை.

மாற்றுவதற்குப் பையனிடம் என்ன இருந்தது என்று பாருங்கள். அம்மா விட்டுப் போய்விட்டாள். அப்பா யாரோடும் ஒட்டாத மனிதர். சமையலும் கடைகண்ணியும் பையன் தலையில். எரிக்-இம்மானுவேல் ஷ்மிட் எழுதி 2001இல் நூலாக வந்த மூலக்கதையில் ஒரு கட்டம் வரும். யூதனாக இருப்பது என்றால் என்ன என்று பையன் கேட்கிறான். நினைவுகள் இருப்பது, மோசமான நினைவுகள் என்கிறார் அப்பா. அவருடைய பெற்றோரை நாஜிகள் ரயிலேற்றிச் சாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பின்னால் அவரும் ஒரு ரயிலின் முன்னால்தான் விழுகிறார். மகனுக்குக் கொடுக்க அவரிடம் இருந்ததெல்லாம் அந்தக் காயம்தான். அதையும் வாய்விட்டுச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

இப்ராஹிம் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் பிழைப்பு. பையன் டின்களைத் திருடுவது அவருக்குத் தெரியும். திருடித்தான் ஆக வேண்டுமென்றால் என் கடையிலேயே திருடு என்கிறார். அப்பா கொடுக்கும் காசில் மிச்சம் பிடிக்க நாவலில் ஒரு முழுப் பாடமே நடத்துகிறார். நேற்றைய ரொட்டியை அடுப்பில் காட்டி எடு. தேயிலைப் பையைக் காயவைத்து மறுபடி போடு. காபியில் சிக்கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போ. ஒயினில் மலிவு ஒயினைக் கல. நாய்க்கான டின் இறைச்சியை அப்பாவுக்குப் பரிமாறுவதில் போய் முடிகிறது இது! எந்த வேதத்தில் இருக்கிறது இந்த அத்தியாயம்? அப்புறம் சிரிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். சிரித்தால் காரியம் நடக்கும் என்று பையன் பரீட்சித்தே பார்த்துவிடுகிறான். மதத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனிதர் பிடிகொடுப்பதில்லை. என் குர்ஆனில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும் என்று சொல்லி நழுவுகிறார். ஆள் பிடிக்க வந்தவர் இப்படியா நடந்துகொள்வார்?

கிழவர் நகரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கல்லாவை விட்டு எழுந்திருக்காத மனிதர், அந்த வயதில் ஒரு சிவப்புக் கார் வாங்குகிறார். வாங்கிய பிறகுதான் ஓட்டவே கற்றுக்கொள்கிறார். அதற்கு முன்னால் பையனைச் சட்டப்படி தத்தெடுக்கிறார், அலுவலகம் அலுவலகமாக அலைந்து. ஊரைப் பார்க்க அவர் புறப்படுவதும் அவன் கூட இருப்பதால்தான்.

வேடிக்கை என்னவென்றால், மதம் மாறியவர் ஒருவர் இந்தப் படத்தில் உண்டு, கதைக்கு வெளியே. இப்ராஹிமாக நடித்த ஓமர் ஷெரீப் 1932இல் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1955இல் நடிகை ஃபாதின் ஹமாமாவைத் திருமணம் செய்வதற்காக முஸ்லிம் ஆனார். இந்த வேடத்துக்குத்தான் அவருக்கு பிரெஞ்சுத் திரையுலகின் சேசர் விருது கிடைத்தது.

சரி, என் உறுத்தலுக்கு வருகிறேன். இப்ராஹிம் எப்படிச் சாகிறார்? சொந்த ஊரை நெருங்கும்போது கார் விபத்து. பையன் அழுகிறான், பாரிஸ் திரும்புகிறான், கடையில் உட்காருகிறான். கிழவர் படுக்கையில் விழவில்லை. பையனை அடையாளம் தெரியாமல் விழிக்கவில்லை. யாரும் அவருக்குத் துணி மாற்றிவிட வேண்டியிருக்கவில்லை. வயதானவருக்கும் சிறுவனுக்கும் உள்ள நட்பில் கஷ்டமான பகுதி எதுவோ அதற்கு முன்னாலேயே படம் இறங்கிக்கொண்டுவிட்டது. கொடுப்பவர் கொடுத்துக்கொண்டே இருக்கிறார், வாங்குபவன் வாங்கிக்கொண்டே இருக்கிறான், கணக்குத் தீர்க்கும் நேரத்தில் விபத்து வந்து காப்பாற்றிவிடுகிறது.

இதே அமைப்பைத் தலைகீழாக வைத்த படம் ஒன்று 1977இல் வந்தது. 'மதாம் ரோசா'. பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் கேரி புனைபெயரில் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது, நடிகை சிமோன் சிஞோரே நடித்தது, வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. இங்கே கிழவி யூதர், ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு வந்தவள். பையன் முஸ்லிம். அவன் பெயரும் மோமோதான்! உங்கள் மதமாற்றக் கேள்வியை இந்தக் கதை ஒரே கட்டத்தில் போட்டு உடைத்துவிடுகிறது. பல வருஷம் கழித்து அப்பன் வந்து மகனைக் கேட்கிறான். பையன்கள் மாறிப்போனார்கள், உங்கள் மகனைத் தவறுதலாக யூதனாக வளர்த்துவிட்டேன் என்று கிழவி கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிடுகிறாள். அப்பன் அதிர்ச்சியில் விழுந்து செத்தே போகிறான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம்.

அப்புறம் ரோசா தளர்ந்துபோகிறாள், நினைவு தப்புகிறது. ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று அடம். கட்டிடத்தின் நிலவறையில் அவளுக்கென்று ஒரு ஒளிவிடம் உண்டு. பையன் அவளை அங்கே இறக்குகிறான். அவள் இறந்த பிறகும் பிணத்தின் முகத்துக்கு ஒப்பனை செய்து, வாசனைத் தைலத்தைக் கொட்டிக்கொண்டு பக்கத்திலேயே கிடக்கிறான். அவன் யார், அவள் யார் என்ற கேள்வியே அந்த நிலவறையில் இல்லை. இப்ராஹிமின் படம் இந்த இடத்துக்கு வரத் துணியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அல்ஜீரியா பிரான்சிடமிருந்து விடுதலைக்குப் போராடிய காலம் அது. 1961 அக்டோபர் 17 அன்று பாரிஸ் போலீஸ் ஊர்வலம் போன அல்ஜீரியர்களை அடித்துக் கொன்று செய்ன் நதியில் வீசியது. துருக்கியரானாலும் தெருவே 'அரபி' என்று கூப்பிடும் ஒரு கடைக்காரரைப் பற்றிய படத்தில், அந்தப் பதற்றத்தின் நிழல்கூட விழாதது எனக்குக் குறைதான்.

மகனைப் பற்றி. இப்போது வேண்டாம் என்பேன். பையன் உண்டியலை உடைத்துப் பாலியல் தொழிலாளியிடம் போவதைப் படம் கிட்டத்தட்ட வேடிக்கையாகக் காட்டுகிறது. ஆனால் அதைவிட அந்த அப்பாவின் தற்கொலைதான் எனக்கு யோசனை. அதைச் சட்டென்று கடந்துபோகிறார்கள், பதினான்கு வயதுக்காரன் அப்படிக் கடக்க மாட்டான். இரண்டு வருஷம் போகட்டும். அப்போதும் ரோசாவை முதலில் போட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்த கையோடு பார்த்தால் இப்ராஹிம் சப்பென்று இருப்பார், பாவம்.